இரண்டாவது கர்ப்பம் என்றே சொல்லுங்கள், தம்பி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறேன். என் மனைவி ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். போன ஐப்பசியில், எட்டாம் மாதம் முடிகிற நேரம், தாய் வீட்டில் இருந்தபோது வலி கண்டுவிட்டது. மலையடிவாரத்து ஊர். வண்டி ஏற்பாடு செய்வதற்குள் அவளுடைய ஆயாவே பிரசவம் பார்த்துவிட்டார். பெண் குழந்தை. உயிர் இல்லை. தோல் அங்கங்கே உரிந்து, உதடு கறுத்திருந்தது. 'பெண் குழந்தை, வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், நாம்தான் ஏதோ செய்துவிட்டோம் என்பார்கள்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். விடிவதற்குள் நானே கொல்லைக் கடைசியில் புதைத்தேன். மனைவிக்கு முகத்தைக் காட்டவில்லை. அந்த ஊர் நர்ஸிடம் 'கலைந்துவிட்டது' என்றோம். பதினைந்து நாளில் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது மறுபடியும் நாலாவது மாதம். எங்கள் ஊர் நர்ஸ் 'முதல் கர்ப்பமா?' என்று கேட்டபோது, என் அம்மா முந்திக்கொண்டு 'ஆமாம்' என்றார். அட்டையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதனால் கெடுதல் வருமா? இனிமேல் உண்மையைச் சொன்னால் வழக்கு வருமா?
பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்:

தம்பி, வழக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நாள் கணக்கு. நாலாவது மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் எனக்கு வந்து, இந்தப் பதில் உங்கள் கண்ணில் படுவதற்குள் பதினைந்து பதினாறு வாரம் ஆகிவிடும். படித்த கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்: 'இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்து பிறந்தது.'

ஏன் இந்த அவசரம் என்றால், முதல் குழந்தையின் இறப்புக்குத் தாயின் இரத்த அழுத்தமோ, நஞ்சுக்கொடியில் இரத்த ஓட்டம் குறைந்ததோ காரணமாக இருந்திருக்கலாம் என்று தோன்றினால், டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை எழுதித் தரக்கூடும். பதினாறு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாகப் பலன் தரும். அது உங்கள் மனைவிக்குத் தேவையா இல்லையா என்பதைப் பரிசோதித்த பிறகு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் 'முதல் கர்ப்பம், தொந்தரவு இல்லை' என்று எழுதிய அட்டையைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த யோசனையே வராது. எத்தனை நல்ல டாக்டராக இருந்தாலும் வராது.

இரத்த வகையும் அப்படித்தான். உங்கள் மனைவி நெகட்டிவ் வகையாக இருந்து நீங்கள் பாசிட்டிவ் என்றால், போன பிரசவம் முடிந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டிருக்க வேண்டும். இறந்து பிறந்த குழந்தைக்கும் அது பொருந்தும். வீட்டில் நடந்த பிரசவம் என்பதால் அந்த ஊசி போடப்பட்டிருக்காது. அப்படியானால் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று இப்போதே சோதிக்க வேண்டும். உருவாகியிருந்தால் அது இந்தக் குழந்தையின் இரத்த அணுக்களைத் தாக்கும். சர்க்கரைச் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கடைசி மாதங்களில் வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கு அறியப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் சொந்தத்தில் மணம் செய்தவர்களா என்று எழுதவில்லை. நம் பக்கம் அத்தை மகளும் அக்கா மகளும் சாதாரணம். அப்படி இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

உங்கள் அம்மா சொன்ன அந்த 'ஆமாம்' இன்னொரு இடத்திலும் வந்து நிற்கப்போகிறது. ஊரைப் பொறுத்தவரை இது தலைச்சன் பிள்ளை. வளைகாப்புச் செய்து, தலைப்பிரசவத்துக்கென்று தாய் வீட்டுக்கு அனுப்புவீர்கள். எந்த ஊரிலிருந்து போன ஐப்பசியில் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடியவில்லையோ, அதே மலையடிவாரத்துக்கு. மறைத்ததால்தான் அந்த வழக்கம் திரும்ப வருகிறது. இந்த முறை பிரசவத்தைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சீமாங் மையத்தில் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் பிரிவு) வைத்துக்கொள்வது நல்லது. முதல் குழந்தையை இழந்தவர் என்று அட்டையில் இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வரச்சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். மலையூர்க்காரர்களுக்கென்று சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளும் உண்டு.

இனி, நீங்கள் விடிவதற்குள் புதைத்த குழந்தையைப் பற்றி.

தோல் உரிந்து உதடு கறுத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுத உங்களுக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்று தெரிகிறது. அந்த ஒரு வரியைப் படித்ததுமே என் போன்ற மருத்துவருக்கு ஒன்று புரிந்துவிடும். குழந்தை பிரசவத்தில் இறக்கவில்லை. வலி வருவதற்கு முன்பே, அரை நாளோ ஒரு நாளோ அதற்கும் முன்போ, கருப்பைக்குள்ளேயே உயிர் பிரிந்துவிட்டது. பனிக்குட நீரில் ஊறியதால் தோல் உரிந்திருக்கிறது. கிரகணத்தின்போது வெளியே வந்ததாலும் அல்ல, காற்று கருப்பு அடித்ததாலும் அல்ல, கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்ததற்குத் தண்டனையும் அல்ல. ஆயாவின் கைப்பிழையும் இல்லை. அந்த மூதாட்டி இன்னும் தன்னையே நொந்துகொண்டிருக்கக்கூடும். அவரிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போலீஸுக்குப் பயந்தார்கள் அல்லவா? பிறந்த பிறகு ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் தோல் அப்படி ஊறி உரிந்திருக்காது. ஒரு டாக்டரோ செவிலியரோ அன்று அந்தக் குழந்தையைப் பார்த்து 'கருப்பையிலேயே இறந்தது' என்று எழுதியிருந்தால், உங்கள் குடும்பத்தின் மீது யாரும் விரல் நீட்ட முடியாதபடி அதுவே சாட்சியாக இருந்திருக்கும். பயந்து எதைப் புதைத்தீர்களோ, அதுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கும். எத்தனையோ வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. பெண் சிசுக்கொலை என்றால் நாடு முழுவதும் சேலத்தையும் தருமபுரியையும் உசிலம்பட்டியையும் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. எந்த வீட்டில் பெண் குழந்தை இறந்தாலும் ஊரே சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. கொலைகளைத் தடுக்க அந்தக் கண்காணிப்பு தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் நிழல், தன் குழந்தையை வயிற்றில் தானாக இழந்த தாயின் மீதும் விழுந்தது. 'செத்துப் பிறந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?' என்ற கேள்வி அன்றைக்குப் பிறந்தது. முப்பது ஆண்டு கழித்து உங்கள் மாமனார் வீட்டுக் கொல்லையில் அது உங்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்திருக்கிறது.

அடுத்து, 'கலைந்துவிட்டது' என்ற சொல். எட்டு மாத வயிறு கலையாது, தம்பி. நம் ஊரில் கலைந்துவிட்டது, தங்கவில்லை, குறைப்பிரசவம், வயிற்றுக் கோளாறு என்று பல சொற்கள் இருக்கின்றன. இறந்து பிறந்தது என்று நேராகச் சொல்வதற்கு மட்டும் நாக்கு எழுவதில்லை. சொன்னால் பிள்ளையை விழுங்கியவள் என்று பெயர் வரும், சுமங்கலிகள் நலங்கு வைக்கக் கூப்பிட மாட்டார்கள், நாத்தனாருக்கு வரன் தள்ளிப் போகும் என்ற பயம். அந்த நர்ஸுக்கும் எட்டு மாதம் என்று தெரிந்துதான் இருக்கும். முந்தைய மாதங்களில் அவரே எடை பார்த்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) போட்டு, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருப்பார். ஆனாலும் 'கருச்சிதைவு' என்று எழுதிவிட்டால் அவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இறந்த பிறப்பு என்று எழுதினால் இரத்த அழுத்தம் பார்த்தாயா, ஸ்கேனுக்கு அனுப்பினாயா என்று மேலிடத்திலிருந்து விசாரணை வரும். வீட்டுக்கும் வசதி, அலுவலகத்துக்கும் வசதி. சொன்னவர்களும் எழுதியவர்களும் சேர்ந்துதான் மறைக்கிறோம். பணியில் இருந்த காலத்தில் நானும் இதில் பங்கு கொண்டவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 28 வாரம் முடிந்த பிறகு உயிரின்றிப் பிறந்தால் அது இறந்த பிறப்பு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். அதற்கென்று தனிப் படிவம் உண்டு. ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். பிறந்ததும் ஒரு முறை மூச்சு விட்டிருந்தாலோ, நெஞ்சு துடித்திருந்தாலோ அது உயிருள்ள பிறப்பு. பிறப்பையும் இறப்பையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இரண்டு பதிவு, இரண்டு மடங்கு கேள்வி என்று அஞ்சி, மூச்சு விட்ட குழந்தையையும் 'செத்துப் பிறந்தது' என்று சொல்கிறவர்கள் உண்டு. இதனால் எந்த ஊரில் பிரசவ நேரக் கவனிப்பு குறைகிறது, எந்த ஊரில் பிறந்த குழந்தைக்கான கவனிப்பு குறைகிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

உலகில் 2019இல் மட்டும் சுமார் 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன என்றும், அதில் ஏறக்குறைய 3.4 லட்சம் இந்தியாவில் என்றும் ஐ.நா. அமைப்புகள் 2020இல் மதிப்பிட்டன. எல்லா நாடுகளையும் விட நம் நாட்டில்தான் எண்ணிக்கை அதிகம். உலக அளவில் பார்த்தால் இவற்றில் 40 சதவீதத்துக்கு மேல் பிரசவ வலியின்போது நேர்பவை. நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. மதிப்பீடு என்று ஏன் சொல்கிறார்கள்? விடிவதற்குள் புதைக்கப்பட்டவை எந்தக் கணக்கிலும் வராததால்தான். உங்கள் மாமனார் ஊருக்கு வண்டி வராது என்பது அரசின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டிய செய்தி. உங்கள் மகள் பதிவாகியிருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.

இப்போது வழக்கு. பூசி மெழுகாமல் சொல்கிறேன். பதிவு செய்யத் தவறியதற்குப் பதிவுச் சட்டத்தில் இருப்பது சிறு அபராதம். 2023 திருத்தத்துக்குப் பிறகு 250 ரூபாய் வரை. ஆனால் குழந்தை பிறந்ததையே மறைக்கும் நோக்கத்தோடு உடலை இரகசியமாகப் புதைப்பது தனிக் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 318ஆவது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. இறந்து பிறந்த குழந்தைக்கும் அது பொருந்தும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வீர்களோ என்றுதான் முழுதாகச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆகவே பதிவுக்காகப் போவதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் இலவசம் என்பதால் மனைவியின் பெயரிலேயே கேட்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

பதிவு, குழந்தை பிறந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடம் நடக்க வேண்டும். அதாவது உங்கள் ஊரில் அல்ல, மாமனார் ஊரில். முப்பது நாள் தாண்டிவிட்டதால் மாவட்ட அளவில் எழுத்து மூலமான அனுமதியும், தாமதக் கட்டணமும், நீங்களே கையொப்பமிட்டுச் சான்றளித்த ஆவணமும் வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு பெற வேண்டியிருக்கும், அலைச்சல் அதிகம். ஐப்பசி வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

டாக்டரிடம் சொல்வதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அட்டையைத் திருத்துவது சிகிச்சைக்காக. என் முப்பது ஆண்டுப் பணியில் 'முன்பு ஒரு குழந்தை இறந்து பிறந்தது' என்று கர்ப்பிணி சொன்னதற்காக எந்தக் குடும்பத்தின் மீதும் வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. பதிவுக்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், அட்டை இந்த வாரம் திருத்தப்பட வேண்டும்.

இந்தப் பதிலைப் படிக்கிற மற்றவர்களில், பதினாறு பதினேழு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வயது வெளியே தெரியும் என்பதற்காகவே கர்ப்பத்தையும் இறந்த குழந்தையையும் சேர்த்து மறைக்கிற குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியும். அஞ்செட்டி, தளி, பென்னாகரம் பக்கமெல்லாம் அப்படிப்பட்ட சிறுமிகளைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், உண்மைதான். ஆனால் வளர்ந்து முடியாத அந்த இடுப்புக்குள்ளும் இரத்தம் போதாத அந்த உடம்புக்குள்ளும் நடக்கிற பிரசவத்தை வீட்டில் வைத்துப் பார்த்தால், குழந்தையோடு பெண்ணும் போவாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்று வரிதான். அந்த மூன்று வரியைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன்.

பதினைந்து நாளில் வேலைக்குப் போனார் என்கிறீர்கள். கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லியிருப்பீர்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா? இருந்து, தேவையான நாட்கள் சந்தாவும் கட்டியிருந்தால், 26 வாரம் தாண்டிய பிரசவம் எதுவானாலும், குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், மகப்பேறு உதவி உண்டு. 1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே 'குழந்தை' என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று எழுதியிருந்தது. ஊதியத்தோடு வீட்டில் இருந்து உடம்பு தேற வேண்டிய மாதங்களில், மார்பில் பால் கட்டி, மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் அதிகாலை பஸ்ஸைப் பிடித்திருக்கிறார் அந்தப் பெண். பச்சை உடம்பு என்று சொல்லிப் பத்தியம் போடவும் ஆள் இல்லை. ஏனென்றால் ஊருக்கு அவர் பிள்ளை பெறவே இல்லை. தெரிந்தால் வதந்தி வரும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். தெரியாததால் அவருக்கு என்னென்ன இல்லாமல் போயிற்று என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முகத்தைக் காட்டினால் அடுத்தது தங்காது என்பார்கள். நானே அதை நம்பியவள் போல நடந்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் இறந்து பிறந்த ஆண் குழந்தையைத் துணியில் சுற்றி, தாய் கண் விழிப்பதற்குள் பின்வாசல் வழியாகத் தகப்பனிடம் கொடுத்து அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் வேறு காரணத்துக்காக வந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'குழந்தைக்கு முடி நிறைய இருந்ததா அம்மா?' எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு, பார்க்க விரும்புகிறாயா என்று தாயைக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் நான் வெளியே அனுப்பியதில்லை. பார்த்ததால் அடுத்தது தங்காமல் போனதாக ஒருவரும் வந்து சொன்னதும் இல்லை.

உங்கள் வீட்டில் அந்தக் குழந்தையைப் பார்த்தவர் நீங்கள். தூக்கிச் சென்றவரும் நீங்கள். மனைவியிடம் சொல்லுங்கள்: யாருடைய சாயல், எவ்வளவு கனம் இருந்தது, எந்த மரத்துக்குப் பக்கத்தில். அவர் கேட்க விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கேட்டால் நிறுத்தாமல் சொல்லுங்கள். அழுகை வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வாயை மூட வேண்டாம். தூக்கமே இல்லை, சாப்பிட மனமில்லை என்று நாட்கள் நீண்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம், நீங்களும் பிள்ளையை இழந்தவர்தான்.

இனி வரும் மாதங்களுக்குச் சில. ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்கச் சொல்லுங்கள். குழந்தையின் அசைவு எப்படி இருக்கும் என்று அவருக்கே பழகிவிடும். வழக்கத்தை விடக் குறைந்தால் அன்றே, இரவானாலும், போக வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். தக்காளிக்கு மருந்து கலக்கிற இடத்துக்கும் அடிக்கிற வயலுக்கும் அவரை வரவிடாதீர்கள். வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்களைக் கடைசி மூன்று மாதத்தில் அடிக்கடி எடுக்கச் சொல்வார்கள். செலவு என்று தள்ளிப்போட வேண்டாம், அரசு மருத்துவமனையில் இலவசம்.

உங்கள் அம்மா மீது கோபப்பட வேண்டாம். மருமகளைக் காப்பாற்றத்தான் அவர் 'ஆமாம்' என்றார். அவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு மூவருமாகப் போங்கள். டாக்டரோ நர்ஸோ மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார்கள். இந்த முறை அம்மாவும் முந்திக்கொள்ள வேண்டாம், நீங்களும் முந்திக்கொள்ள வேண்டாம். மனைவியே பதில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நில்லுங்கள். இரத்த வகையும் சர்க்கரை முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.